விலை ஏறும் எண்டாய், மனே

போன பங்குனியில் ஒரு நாள் பின்னேரம் அக்காவின் மகன் வீட்டுக்கு வந்தான். ஏ.எல். பரீட்சை எழுதி ஒன்றரை வருடம் ஆகிறது. வந்தவன் நேராக விஷயத்துக்கு வரவில்லை. கிணற்றடியில் கால் கழுவி, அம்மாவிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்து, என் மோட்டார் சைக்கிள் சங்கிலி தளர்ந்து கிடப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லி, அதன் பிறகுதான் கேட்டான். "மாமா, டவுணுக்குள்ள புதுசா ஒரு ஏஜென்சி திறந்திருக்காங்க. றெப் வேலைக்கு ஆள் எடுக்காங்களாம். போகட்டா?"

றெப் என்றால் கொம்பனிச் சரக்கை ஏஜென்சியில் இருந்து கடை கடையாகக் கொண்டுபோய் விற்கிறவன். இந்தத் தொழிலில் பத்து வருடத்துக்கு மேல் கிடப்பவன் நான். போ என்றோ வேண்டாம் என்றோ சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் வாயைத் திறக்கப் போன நேரம் பார்த்துக் குசினிக்குள் அம்மா றைஸ் குக்கரின் மூடியைத் திறந்தார். அந்த மூடிக்கு ஒரு சத்தம் உண்டு, ஓரம் நெளிந்து போனதால் டங் என்று கேட்கும். அது நான் வாங்கியதில்லை. இருபது வயதில் எனக்குப் பரிசாகக் கிடைத்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் அம்மா பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அதற்கான விலையைக் கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் ஒரு சின்னக் கடை கட்டிக்கொண்டிருந்தது என்பதை அம்மாவுக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை. "யோசிச்சிச் சொல்றன்" என்று மருமகனை அனுப்பிவிட்டேன்.

அக்கா அவனை மறிப்பாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் வேலை என்றால் அரசாங்க வேலை. மற்றதெல்லாம் அது கிடைக்கும் வரைக்கும் செய்கிற ஏதோ ஒன்று. 2017இல் பட்டதாரிகள் வேலை கேட்டு மட்டக்களப்பு காந்தி பூங்காவில் நாட்கணக்காகக் கொட்டகை போட்டு இருந்தார்கள். நான் அந்த வழியால் பில் புத்தகத்தோடு போய்வருவேன். கொட்டகைக்குள் என்னோடு படித்தவர்கள் இருவர் இருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துப் பாவம் என்று நினைப்பேன். அவர்களும் என்னைப் பார்த்து அதையேதான் நினைத்திருப்பார்கள்.

கராஜுக்குள் ஒரு கந்தோர்

நான் சேர்ந்தது 2014 ஆனி மாதம். ஏஜென்சிக்கு அப்போது வயது நான்கு மாதம். ஒரு வீட்டின் கார் கராஜ்தான் கந்தோர். ஒரு மேசை, இரண்டு பிளாஸ்ரிக் கதிரை, பின்னால் கூரை வரை அடுக்கிய பிஸ்கட், சோப், சோயா மீற் பெட்டிகள். முதலாளிக்கு இருபத்தெட்டு வயது. முதலாளி என்று கூப்பிட்டால் கூச்சப்படுவார், அதனால் அண்ணன். நேர்முகப் பரீட்சையில் அவர் கேட்டது இரண்டே கேள்விகள். மோட்டார் சைக்கிள் லைசன் இருக்கா? பெருக்கல் வாய்ப்பாடு பாடமா? இரண்டுக்கும் ஓம் என்றேன். இரண்டாவது பாதிப் பொய். நியமனக் கடிதம் எதுவும் இல்லை. அடிப்படைச் சம்பளம் 12,000 ரூபாய், டார்கெட் என்கிற மாத விற்பனைக் கணக்கை அடித்தால் கொமிஷன். ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுவதைக் கேட்டால் "ஆறு மாசம் போகட்டும் பாப்பம்" என்றார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே முதலாளி 12 வீதமும் நான் 8 வீதமும் கட்டியாக வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அண்ணனுக்கும் வடிவாகத் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

புது ஏஜென்சிக்கு நல்ல ரூட் யாரும் தூக்கித் தர மாட்டார்கள். காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று மெயின் றோட்டில் கடை நெருங்கிக் கிடக்கும் இடமெல்லாம் பழைய ஏஜென்சிகளிடம் இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம் கிடக்கிற படுவான்கரை. அந்த வருடம் சித்திரையில்தான் மண்முனைப் பாலம் திறந்திருந்தது. அதற்கு முன் மண்முனைத் துறையில் பாதை என்கிற மிதவைக்குக் காத்து நின்று வாவியைக் கடக்க வேண்டும், அல்லது டவுணுக்குப் போய் வலையிறவுப் பாலத்தால் வவுணதீவு சுற்றி வர வேண்டும். ஒரு லொறிச் சரக்கை அப்படிக் கொண்டுபோய் விற்றால் டீசலுக்கே கட்டாது என்று பெரிய ஆட்கள் விட்டிருந்த ரூட் அது. பாலம் வந்ததும் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். கெட்டிக்காரத்தனம்தான், இன்றைக்கும் சொல்வேன். மகிழடித்தீவு, முதலைக்குடா, முனைக்காடு, பட்டிப்பளை என்று கிழமைக்கு மூன்று நாள் பட்டா என்கிற ஒரு சின்ன லொறி. ஓடுவது காக்கா, பக்கத்தில் நான்.

காக்கா என்றால் முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற பெயர். அவர் ஏறாவூர்க்காரர். என்னை விட இருபது வயது மூப்பு. அதற்கு முன் மூன்று ஏஜென்சியில் லொறி ஓடியவர். தொழிலைச் சொல்லித்தந்தவர் அவர்தான், அண்ணன் இல்லை. "தம்பி, கடைக்காரன்ட வாயப் பாக்காத, றாக்கையப் பாரு" என்பார். கடைக்குள் போனதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது போல நிற்பார். ஒரு விரலை மட்டும் எங்கள் பிஸ்கட் பக்கெற்றின் மேல் மெல்ல இழுத்து, அந்த விரலை எனக்குக் காட்டுவார். தூசி இருந்தால் போன முறை போட்ட சரக்கே போகவில்லை, பில் புத்தகத்தைத் திறக்காதே என்று அர்த்தம். தூசி இல்லாமல் பக்கெற்றின் மூலை மட்டும் கசங்கியிருந்தால் பிள்ளைகள் எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டுக் காசில்லாமல் வைத்துவிட்டுப் போகிறார்கள். அதற்குச் சின்னப் பக்கெற் போட வேண்டும். இதையெல்லாம் பிறகு வந்த ட்ரெயினிங் எதிலும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆறு மாதத்தில் நான் பில் போட்டேன், லொறி ஏற்றினேன், ஸ்டோர் எண்ணினேன், பாங்குக்குப் போனேன், திகதி போட்ட செக் திரும்பினால் கடை வாசலில் போய் நின்றேன். பெரிய இடத்தில் என்றால் இதற்கு ஐந்து வருடம் ஆகியிருக்கும். புது இடத்தில் எல்லாம் பழகலாம் என்று சொல்வது பொய் இல்லை. ஆனால் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். புது இடத்தில் வேண்டாம் என்று சொல்ல ஆள் இருக்காது. அண்ணனுக்கு நான் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அண்ணனால் கொழும்புக் கொம்பனிக்குச் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய காக்காவோ றைவர், அவரை யாரும் கேட்பதில்லை.

பன்னிரண்டு எடுத்தால் ஒன்று சும்மா

கொம்பனியின் டார்கெட் வருடத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து வரும். தைக்கும் அதே கணக்கு, மார்கழிக்கும் அதே கணக்கு. கொழும்பில் அது சரியாக இருக்கலாம், மாதம் முடியச் சம்பளம் வருகிற ஊர். படுவான்கரையில் மாதம் என்று ஒன்று கிடையாது. அங்கே வெள்ளாமை உண்டு. புரட்டாதி ஐப்பசியில் விதைத்து, மாசி பங்குனியில் வெட்டி, நெல் விற்ற காசு கைக்கு வரும். அந்த இரண்டு மாதமும் எதைக் கொண்டுபோனாலும் எடுப்பார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, அதற்கு ஒரு விற்பனை. ஆவணி புரட்டாதியில் கொக்கட்டிச்சோலைத் தேர், அப்போது டொபியும் பிஸ்கட்டும் பறக்கும். சிறுபோகம் செய்கிற ஊர் என்றால் ஆடிக்குப் பிறகு இன்னொரு கை. கார்த்திகை, மார்கழி, தை மட்டும் சனத்திடம் காசு இராது. இருந்ததெல்லாம் விதைநெல்லாக, பசளையாக, உழவுக் கூலியாக வயலுக்குள் போயிருக்கும். கடையெல்லாம் கொப்பியில் ஓடும். வெட்டினால் தாறன் என்று பெயர் எழுதிச் சாமான் வாங்குவார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் அப்பாவும் வெள்ளாமை செய்தவர்தான். தெரிந்திருந்தும் அந்த மார்கழியில் எனக்கு ஞாபகம் இருந்தது டார்கெட் மட்டும்தான். இன்னும் பன்னிரண்டு பெட்டி போட்டால் நூறு வீதம். நூறு வீதம் அடிக்கிற றெப்புக்குக் கொமிஷனோடு ஒரு றைஸ் குக்கர் என்று ஏரியா மனேஜர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் அப்போதும் விறகடுப்புத்தான்.

கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் இருந்த அந்தச் சின்னக் கடை மாமிக்கு ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். யுத்தத்தில் புருஷனை இழந்தவர், ஒரு மகள் பள்ளிக்கூடத்தில். வீட்டின் முன் விறாந்தையை அடைத்து வைத்த கடை. இரண்டு கிழமைக்கு எங்களிடம் இரண்டு பெட்டி பிஸ்கட் எடுப்பார், அடுத்த முறை போகும்போது ஒரு பழைய பால்மா டின்னுக்குள் இருந்து சுருட்டிய நோட்டுகளை எடுத்து எண்ணித் தருவார். ஒரு நாளும் பிந்தியதில்லை. அதனால்தான் அவரிடம் போனேன். பிந்துகிறவர்களிடம் போட்டால் அண்ணன் பில்லைக் கிழித்துவிடுவார். நல்ல கடைக்காரர் என்ற பெயர்தான் அவருக்கு வினையானது.

"இப்ப வேணாம் மனே. சனத்துக்கிட்ட காசில்ல, கொப்பி நிரம்பிக் கிடக்கு. வெள்ளாமை வெட்டட்டும், மாசிக்குள்ள வா, நீ சொல்ற கணக்கு எடுக்கன்" என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. காக்கா லொறியை விட்டு இறங்கவில்லை. வழமையாக இறங்கிப் பிளேன்ரீ குடிப்பவர் அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பன்னிரண்டு எடுத்தால் ஒன்று சும்மா என்றேன். மாமி சிரித்தார். ஒரு மாதத் தவணை என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார். அப்போதுதான் அது வாயில் வந்தது. முன்கூட்டி யோசித்ததில்லை, யாரும் சொல்லித்தந்ததும் இல்லை. "மாமி, தேர்தல் முடியுமட்டும்தான் இந்த விலை. ஜனவரி எட்டுக்குப் பிறகு எல்லாம் ஏறப்போகுது. கொழும்பில இருந்து சொல்லிட்டாங்க."

கொழும்பிலிருந்து யாரும் எதுவும் சொல்லவில்லை. மாமி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் மகளைக் கூப்பிட்டு, நெல் மூட்டை வைக்கும் மூலையை ஒதுக்கச் சொன்னார். நானே தூக்கிக் கொடுத்தேன். பதின்மூன்று பெட்டி. பலகை காணாது என்று ஐந்து பெட்டியைச் சீமெந்துத் தரையிலேயே வைத்தோம். பில் 28,800 ரூபாய். காபன் தாளை எடுத்துவிட்டு ரோஸ் கொப்பியைக் கிழித்துக் கொடுத்தபோது அவர் அதை நாலாக மடித்து டின்னுக்குள் போட்டார். திரும்பி வரும் வழியில் பாலம் ஏறும்வரை காக்கா பேசவில்லை. ஏறிய பிறகு, "குக்கர் எத்தின லீற்றராம் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு அடுத்த கிழமைகளில் வெள்ளம் வந்தது. 2014 மார்கழி வெள்ளத்தை மட்டக்களப்பில் யாருக்கும் நான் விவரிக்கத் தேவையில்லை. பாலம் நின்றது, பாலத்துக்கு அங்கால் றோட்டு இல்லை. எங்கள் லொறி தை நடுப்பகுதி வரை அந்தப் பக்கம் போகவேயில்லை. இதற்கிடையில் டவுணில் ஒரு ஹோட்டலில் கூட்டம் வைத்து எனக்குக் குக்கரைத் தந்தார்கள். படமும் எடுத்தார்கள். படத்தில் என் சேட்டுப் பை பில் புத்தகத்தால் தொங்கிக்கொண்டிருக்கும்.

தரையில் வைத்த ஐந்து பெட்டி

மறுபடி போனது ஜனவரி கடைசியில். ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஆட்சியே மாறியிருந்தது. பெற்றோல் 150 ரூபாயிலிருந்து 117க்கு இறங்கிவிட்டது. இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் சீனி, பால்மா என்று வரிசையாக விலை குறைத்தார்கள். நான் கடைக்குள் கால் வைத்ததும் மாமி கேட்டார்: "எங்க மனே, விலை ஏறும் எண்டாய்?"

கோபமாகக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையே வந்திராது. பகிடியாகக் கேட்டார். தண்ணீர் விறாந்தைக்குள் முழங்கால் மட்டும் நின்ற அடையாளம் சுவரில் மண்கோடாக இருந்தது. பலகையில் இருந்த எட்டுப் பெட்டியில் ஒன்றுதான் உடைத்திருந்தார். தரையில் வைத்த ஐந்தும் இல்லை. எலி தின்றதா என்று கேட்டேன். கேட்டதும் எனக்கே வெட்கமாக இருந்தது, கணக்குக் கேட்கிற மாதிரி. "பெட்டிதான் நனைஞ்ச, உள்ளுக்குப் பக்கெற் எல்லாம் நல்லம். சனமெல்லாம் பள்ளிக்கூடத்தில இருந்திச்சே, புள்ளைகளுக்குக் குடுத்திட்டன். அதுக்கு என்ன, உன்ட காசு வரும்" என்றார். பிளேன்ரீயும் தந்தார். குடித்தேன். குடிக்காமல் விட்டால் இன்னும் மோசம்.

காசு வந்தது. கிழமைக்கு ஐந்நூறு, சில கிழமை முந்நூறு. வயல் வெள்ளத்தில் போனவர்களின் கொப்பிக் கடன் அவருக்கு வரவில்லை, ஆனாலும் எங்கள் காசு வந்தது. கந்தோரில் பில் தவணை தாண்டியதும் அண்ணன் என் சம்பளத்தில் மாதம் இரண்டாயிரம் பிடித்தார். "நீ போட்ட சரக்கு, நீதான் எடுக்கணும்." கொண்டுபோட்ட சாமான் போகாவிட்டால் யார் பொறுப்பு, கொம்பனியா, ஏஜென்சியா, றெப்பா, கடையா? எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. அன்றைக்கு யாருக்குக் குரல் பெரிதோ அவர் சொன்னதுதான் சட்டம். நானும் கத்தினேன். ஓடர் எடுக்கும்போது நீங்கள் கைதட்டினீர்கள்தானே என்றேன். அவர் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கட்டு அடகுச் சீட்டை எடுத்துப் போட்டார். அண்ணியின் தாலிக்கொடி தவிர எல்லாம் பாங்கில் இருந்தது. கொம்பனிக்கு முன்காசு கட்டியே சரக்கு எடுக்க வேண்டும். மாதம் நூறு வீதம் அடிக்காவிட்டால் ரூட்டைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள். அவருக்கும் ஒரு ஏரியா மனேஜர் றைஸ் குக்கர் காட்டியிருக்கிறார், கொஞ்சம் பெரிய குக்கர். அடுத்த மாதம், பிடித்ததில் பாதியைக் கையில் தந்தார். மீதியைப் பற்றி இருவரும் பேசவில்லை. இரண்டு வருடத்தில் ஏஜென்சி மூடிப்போனது. இன்றைக்கும் கண்டால் நின்று கதைப்போம்.

மாமியிடம் நான் சொன்னது பொய் என்று அவருக்கு அந்த மழை நாளிலேயே தெரியும் என்பதுதான் என்னை விடாமல் அரிக்கிறது. இது எனக்கு உடனே விளங்கவில்லை, பல வருடம் கழித்துத்தான். ஐம்பது வருடம் அந்த மண்ணில் இருந்த மனுஷி, விலை ஏறுகிற கதைகள் எத்தனை கேட்டிருப்பார். அப்படியென்றால் ஏன் எடுத்தார்? நனைந்த சேட்டோடு நின்ற ஒரு பொடியனுக்கு அந்த மாதம் அந்தப் பெட்டி எவ்வளவு தேவை என்று என் முகத்தில் இருந்திருக்க வேண்டும். நான் விற்றதாக நினைத்தேன். அவர் எனக்குக் கடன் கொடுத்திருக்கிறார். ஒருமுறை நேரே கேட்டும் பார்த்தேன். "உதெல்லாம் ஆருக்கு ஞாபகம்" என்று மகளின் கலியாணக் கதைக்குப் போய்விட்டார்.

இன்றைக்கு நான் கல்முனைப் பக்கம் ஒரு பெரிய விநியோகஸ்தரிடம் சுப்பர்வைசர். எனக்குக் கீழே ஒன்பது பொடியன்கள். அவர்களுக்கு டார்கெட் பிரித்துக் கொடுப்பது நான். மாதா மாதம் சமமாக வருவதை வெட்டுக் காலம், நோன்புக் காலம், சடங்குக் காலம் பார்த்து முன்பின் தள்ளிப் பிரிப்பேன். மூன்று மாதக் கூட்டுத்தொகை சரியாக வந்தால் மேலிடம் பேசாமல் இருக்கும் என்பதை அனுபவத்தில் கண்டுகொண்டேன். நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகர்வதால் காத்தான்குடிக் கணக்கை ஒவ்வொரு வருடமும் திருப்பி எழுத வேண்டும், அது ஒரு தலையிடி. எல்லா மாதமும் இந்தக் கணக்குச் சரிவராது. சரிவராத மாதத்தின் இருபத்தெட்டாம் திகதி நானும் போனை எடுத்து, "என்ன தம்பி, இன்னும் பத்துப் பெட்டி போட ஏலாதா?" என்று கேட்டிருக்கிறேன். மறைக்கவில்லை.

மருமகனுக்கு ஒரு கிழமை கழித்துப் பதில் சொன்னேன். போ என்றேன். கடிதம் கேட்டு வாங்கு, ஈ.பி.எஃப். முதல் மாதத்திலிருந்து கட்டுகிறார்களா என்று பார், விற்காத சரக்கு யார் தலையில் என்று சேரும் முன்னமே கேள், கேட்டால் வேலை தராவிட்டால் அது வேலை இல்லை என்றேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடிதம் மட்டும் வாங்கினான். மற்ற இரண்டையும் கேட்க வெட்கமாக இருந்ததாம். இருபது வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மாமியின் கதையை அவனுக்குச் சொல்லவில்லை. சொல்லத்தான் தொடங்கினேன், அம்மா சோறு போடக் கூப்பிட்டுவிட்டார்.

போன மாதம் 29ஆம் திகதி பின்னேரம் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் லொறி நின்றபடி இரையும் சத்தம். ஆயித்தியமலைப் பக்கம் நிற்கிறானாம். "மாமா, மூணு பெட்டி குறையிது. இங்க ஒரு கடையில போடலாம், வேணாம் எண்டு நிக்காங்க. என்னத்தச் சொல்லி எடுக்க வைக்கிற?"

"பக்கத்தில வயல் இருக்கா?"

"ஓம், றோட்டுக்கு மற்றப் பக்கம் முழுக்க வயல்தான். உன்னிச்சைக் குளத்துத் தண்ணி."

"வெள்ளாமை எப்பிடி நிக்கிது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. எட்டிப் பார்க்கிறான் போல. "பச்சையா நிக்கிது மாமா."

"அப்ப லொறியத் திருப்பு" என்றேன். சரி என்று வைத்துவிட்டான். வைத்த பிறகுதான் நினைத்தேன், கொமிஷன் போவது அவனுக்கு. எனக்கென்ன, சொல்லிவிட்டேன்.